பனி ஊர் ஸ்டேஷனில் பழைய பாசஞ்சர்: கனாகியை மாதிரியாகச் செய்ய என்னென்ன சரியாக இருக்க வேண்டும்?

வெண்தடம் (இழையைத் தொடங்கியவர்)

ஜப்பானில் ஹொன்ஷூ தீவின் வடமுனை அவோமோரி. அங்கே சுகாரு ரயில்வே என்று ஒரு சின்னத் தனியார் லைன் ஓடுகிறது. சுகாரு-கோஷோகவாராவிலிருந்து சுகாரு-நகாசாத்தோ வரை 20.7 கி.மீ., மொத்தம் 12 ஸ்டேஷன், ஒற்றைத் தடம். 1930ல் திறந்தது. ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை பெட்டிக்குள் நிலக்கரி அடுப்பு எரிய ஓடும் பழைய பாசஞ்சர் வண்டிக்கு இந்த லைன் பெயர் போனது. நடுவில் வரும் ஸ்டேஷன் கனாகி.

1:150 அளவில், 1200 × 300 மி.மீ. பலகையில், கனாகி மாதிரி ஒரு ஸ்டேஷன் திட்டம். இன்றைய காலம், பனிக்காலச் சாயங்காலம். இப்போதைக்குத் தீர்மானித்தவை: டீசல் என்ஜின், பின்னால் இரண்டு பழைய பெட்டி, பெட்டிகளுக்கு அடியிலிருந்து கசியும் வெள்ளை நீராவி, உள்ளே அடுப்பு வெளிச்சம், எங்கும் 15 மி.மீ. பனி, கைகாட்டி, ஓரத்தில் பனி தள்ளும் வண்டி ஒன்று. வேலை தொடங்குமுன் எது தப்பு என்று சொல்லுங்கள்.

---

கடைசிப் பெட்டி

முதல் தப்பு நீராவி. அடுப்பும் நீராவியும் ஒரே பெட்டியில் சேர்ந்து வராது. நீராவி இல்லாததால்தான் அங்கே அடுப்பே வந்தது.

பழைய ஜப்பான் பெட்டிகளில் பெரும்பாலானவை நீராவிச் சூட்டில் ஓடியவை. என்ஜின் பாய்லரிலிருந்து ஒரு குழாய் பெட்டி பெட்டியாகப் பின்னால் போகும். இரண்டு பெட்டிக்கு நடுவில் தடித்த ஹோஸ் இணைப்பு இருக்கும். அந்த இணைப்பிலும் வடிகால் வால்விலும் கசிவதைத்தான் பழைய புகைப்படங்களில் வெள்ளைப் புகையாகப் பார்க்கிறீர்கள். டீசல், மின்சார என்ஜின் வந்தபோது நீராவிக்கென்று என்ஜினுக்குள் தனியாக ஒரு கொதிகலன் வைத்தார்கள். கொதிகலன் இல்லாத மின்சார என்ஜினோடு அதற்கென்றே ஒரு பெட்டியைக் கோர்த்ததும் உண்டு.

சுகாருவின் டிடி 350 வகை என்ஜின் 35 டன் சின்ன வண்டி. அதில் சூட்டுக் கொதிகலன் கிடையாது. கிராமத்து லைனில் அதற்கான பணமும் இல்லை, இடமும் இல்லை. அதனால் பெட்டிக்குள்ளேயே அடுப்பு. ஹொக்கைடோவிலும் கலப்பு வண்டிகளில் இதே கதைதான். என்ஜினுக்கும் பயணிப் பெட்டிக்கும் நடுவே சரக்கு வேகன்கள். வேகனில் நீராவிக் குழாய் இருக்காது, சூடு பின்னால் போய்ச் சேராது, அதனால் பயணிப் பெட்டியில் அடுப்பு வைத்தார்கள். "பழைய ஜப்பான் ரயில் என்றாலே அடுப்பு" என்று இணையத்தில் சுற்றுவதை நம்ப வேண்டாம்.

ஆகவே பெட்டிக்கு அடியில் பஞ்சு ஒட்டாதீர்கள். புகை வரவேண்டிய இடம் கூரை.

இன்னொன்று, வண்டியின் அமைப்பு. அடுப்புப் பெட்டியில் ஏற டிக்கெட்டுக்கு மேல் தனிக் கட்டணம் உண்டு. உள்ளூர்க்காரர் தினமும் அதைக் கொடுக்க முடியாது என்பதால், சாதாரண டீசல் ரயில்கார் ஒன்றையும் சேர்த்தே ஓட்டுகிறார்கள். என்ஜின், இரண்டு பழைய பெட்டி, ஒரு ரயில்கார் என்று வையுங்கள். ரயில்கார் 1996ல் வந்த சுகாரு 21 வகை, ஆரஞ்சு நிறம்.

---

வெண்தடம்

நல்லவேளை கேட்டேன். பெட்டி வகை எது சார்? கடையில் "பழைய பெட்டி" என்று பத்து வகை இருக்கிறது, எல்லாம் ஒரே பழுப்பு.

---

கடைசிப் பெட்டி

ஓஹா 46, ஓஹாஃபு 33. இரண்டும் தேசிய ரயில்வேயில் ஓடி முடித்து, 1983ல் சுகாருவுக்கு வந்தவை.

பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்தால் கடையில் குழப்பமே வராது. முதல் எழுத்து எடை வகுப்பு: "நா" என்றால் 27.5 முதல் 32.5 டன், "ஓ" 32.5 முதல் 37.5, "சு" 37.5 முதல் 42.5. "ஹா" என்றால் சாதாரண வகுப்பு. "ஃபு" என்றால் கை பிரேக்கும் கார்டு அறையும் உள்ள பெட்டி, நம்மூர் பிரேக்வேனின் வேலையைப் பயணிப் பெட்டியின் ஒரு முனையில் அடக்கியது. எனவே ஓஹாஃபு 33ல் ஒரு முனையில் ஜன்னல் அடுக்கு மாறும். அந்த முனையைக் கவனிக்காமல் இரண்டு ஓஹாவையே வாங்கிவிட்டு, அப்புறம் கார்டு எங்கே நிற்பார் என்று தேடுவது வழக்கமான தவறு.

33ன் ஜன்னல் அகலம் 1 மீட்டர். 46 அதற்குப் பிந்தைய சுஹா 43 குடும்பம், எடையைக் குறைத்ததால் "சு" போய் "ஓ" வந்தது. இரண்டும் சுமார் 20 மீட்டர் நீளம், உங்கள் அளவில் 133 மி.மீ.

ஹொக்கைடோ பெட்டிகளான சுஹா 45, சுஹாஃபு 44 பார்க்க இன்னும் அழகு. ஆனால் அவற்றுக்கு இரட்டை ஜன்னல். அழகுக்காக அதை வாங்கிக் கனாகியில் நிறுத்தினால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

---

ஒன்பது மில்லி

அடுப்பு பற்றி நான் சொல்கிறேன். பெட்டிக்கு இரண்டு அடுப்பு. அடுப்பு நிற்கும் இடத்தில் நால்வர் இருக்கை ஒன்று கழற்றப்பட்டிருக்கும். தரையில் தகடு, சுற்றி இடுப்பளவு கம்பி வேலி, பக்கத்தில் நிலக்கரி வாளி. புகைக்குழாய் நேராகக் கூரையைத் துளைத்து வெளியே போகும், மேலே மழைத்தொப்பி. நிலக்கரி போடுவது வண்டிப் பணியாளர். மேலே ஒரு கம்பி வலை. அதில் காய்ந்த கணவாய் மீனைச் சுடுவார்கள், அந்த வாசனைக்காகவே ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். 1:150ல் வாசனை வராது, ஆனால் வலையை வைத்துவிடலாம்.

செய்முறை: 3 மி.மீ. பிளாஸ்டிக் தண்டை 5 மி.மீ. நீளத்தில் வெட்டி, நடுவில் கொஞ்சம் உப்பலாக விட்டு மேலும் கீழும் அரத்தால் தேயுங்கள். குழாய்க்கு 0.8 மி.மீ. பித்தளைக் கம்பி. கூரையில் 0.8 துளை போட்டு, கம்பியைக் கூரையோடு மட்டும் ஒட்டுங்கள். அடுப்போடும் ஒட்டினால் அப்புறம் கூரையைத் திறக்கவே முடியாது. எல்இடி மாற்ற வேண்டிய நாளில் கூரை விரியும், அல்லது அடுப்பு பிடுங்கிக்கொண்டு வரும்.

வெளிச்சம்: 0402 அளவு ஆரஞ்சு எல்இடி, அடுப்பின் வாய்ப்பக்கம் மட்டும். அடுப்பு முழுக்க ஒளிர்ந்தால் அது விளக்கு, அடுப்பில்லை. தண்டவாள மின்சாரம் 12 வோல்ட் என்றால் கணக்கு இது. திசை மாறினாலும் எரிய பிரிட்ஜ் ரெக்டிஃபையர் வேண்டும், அது 1.4 வோல்ட் தின்னும். எல்இடி 2 வோல்ட். மீதி 8.6 வோல்ட், 5 மில்லிஆம்ப் போதும், ஆக 1.72 கிலோஓம். கடையில் கிடைப்பது 1.8 கிலோஓம், அதைப் போடுங்கள். சாதாரண டிசி கட்டுப்பாட்டில் வண்டி மெதுவாகும்போது மின்னழுத்தம் இறங்கி அடுப்பும் அணையும். நின்ற வண்டியில் அடுப்பு எரிய வேண்டும் என்றால் டிசிசிக்கு (டிஜிட்டல் கட்டுப்பாடு) போங்கள், அல்லது நிறுத்துமிடத்தில் பெட்டிக்கு மட்டும் தனி மின்சாரம் கொடுங்கள். கெபாசிட்டர் சில விநாடிதான் தாங்கும்.

---

வெண்தடம்

அந்த அடுப்புக்கு "தாருமா" என்று பெயர் போட்டிருக்கிறார்களே, கம்பெனிப் பெயரா?

---

கடைசிப் பெட்டி

இல்லை. தாருமா என்பது கை கால் இல்லாத உருண்டைப் பொம்மை, அடுப்பும் அதே வடிவம். பொம்மை யாரைக் குறிக்கிறது தெரியுமா? போதிதர்மரை. காஞ்சிபுரத்திலிருந்து போனவர் என்று நாம் உரிமை கொண்டாடுகிறோமே, அவரேதான். அவோமோரியின் பனியில் நம்மூர்க்காரர் பெயரில் கணப்பு எரிகிறது என்று வேண்டுமானால் பெருமைப்பட்டுக்கொள்ளுங்கள்.

---

வடமேற்குக் காற்று

பனி 15 மி.மீ. என்று படித்ததும் நிறுத்தினேன். 1:150ல் அது இரண்டேகால் மீட்டர். எங்கும் ஒரே உயரத்தில் அப்படி நிற்கும் ஊர் இது இல்லை. கனாகி சமவெளி, சுற்றிலும் நெல்வயல். ஜப்பான் கடலைக் கடந்து வரும் பனிக்காலக் காற்று மேற்கு, வடமேற்கிலிருந்து தடையில்லாமல் அடிக்கும். இங்கே வானத்திலிருந்து விழும் பனியைவிடத் தரையிலிருந்து கிளம்பும் பனிதான் தொல்லை. ஜப்பானியர் அதை ஜிஃபுபுகி என்பார்கள், தரைப் பனிப்புயல். காய்ந்த தூள் பனி வயலை விட்டுக் கிளம்பி எங்கே காற்று சோர்கிறதோ அங்கே படியும்.

மாதிரியில் இதன் பொருள்: திறந்த வயலில் 3 அல்லது 4 மி.மீ. மட்டும் (நிஜத்தில் 45 முதல் 60 செ.மீ.), சில வரப்புகள் கறுப்பாகத் துருத்திக்கொண்டு தெரியலாம். அதே பலகையில் கொட்டகையின் ஒதுக்குப்புறம், பிளாட்பாரத்தின் கிழக்குச் சுவரடி, வேலிக்குப் பின்புறம் ஆகிய இடங்களில் 10 முதல் 15 மி.மீ. குவியலாம். குவியல் வால் போல் நீண்டு சரிய வேண்டும், மேட்டின் விளிம்பு காற்று போகும் பக்கம் கூராக. நாலு பக்கமும் ஒரே மாதிரி கேக் கிரீம் போல் பூசினால் காற்றே இல்லாத ஊராகிவிடும்.

லைன் கோஷோகவாராவிலிருந்து வடக்கே போகிறது. நகாசாத்தோ போகும் வண்டிக்கு இடப்பக்கம் மேற்கு. பலகையில் முதலில் வடக்கு எது என்று ஒரு அம்பு போடுங்கள், பிறகு பசையைத் திறங்கள்.

---

வெண்தடம்

அப்படியானால் தண்டவாளத்துக்கு மேற்கே ஒட்டியே ஒரு பனித்தடுப்பு வேலி வைத்துவிடலாமா? புகைப்படங்களில் பலகை வேலி நிறைய தெரிகிறது.

---

வடமேற்குக் காற்று

ஒட்டி வைத்தால்தான் தண்டவாளம் புதையும். இடைவெளி விட்ட வேலி காற்றை நிறுத்துவதில்லை, தளர்த்துகிறது. தளர்ந்த காற்று சுமந்து வந்த பனியை வேலியைத் தாண்டியதும் கீழே போட்டுவிடும். குவியல் வேலி உயரத்தின் பல மடங்கு நீளத்துக்குப் போகும். அதனால் வேலி தடத்திலிருந்து உயரத்தைப் போல் குறைந்தது 15 மடங்காவது தள்ளி நிற்க வேண்டும். 3 மீட்டர் வேலி உங்கள் அளவில் 20 மி.மீ., தள்ள வேண்டிய தூரம் 300 மி.மீ. உங்கள் பலகை அகலமே அவ்வளவுதான்!

நீங்கள் பார்த்த பலகை வேலி வேறு. அது கச்சோ, சுகாரு பக்கத்து வீடுகளைச் சுற்றி இடைவெளி இல்லாமல் நட்ட பலகைச் சுவர். ஆளையும் வீட்டையும் காற்றிலிருந்து காக்க வைத்தது. அதை வீட்டோடு சேர்த்து வையுங்கள், லைனோடு வேண்டாம்.

லைனுக்கு மரங்கள்தான் பொருத்தம். பனித்தடுப்புக் காடு அவோமோரியின் சொந்தச் சொத்து என்றே சொல்லலாம். ஜப்பானின் முதல் ரயில்வே பனிக்காடு இதே மாகாணத்தின் நொஹெஜியில் 1893ல் நட்டது, யோசனை சொன்னவர் வனவியலாளர் ஹொண்டா செய்ரோகு. இடம் குறைவாக இருந்தால் மேற்கு விளிம்பில் இரண்டு மூன்று வரிசை ஊசியிலை மரம் வைத்து, மீதிக் காடு பலகைக்கு வெளியே இருப்பதாக விட்டுவிடுங்கள். மரத்திலும் மேற்குப் பக்கம் மட்டும் பனி ஒட்டட்டும்.

---

ஒன்பது மில்லி

இனி பனி எதில் செய்வது. சோடா உப்பு வேண்டவே வேண்டாம். சமையல் சோடாவும் சூப்பர் குளூவும் சேர்ந்தால் உடனே கல்லாகும், அது வசதி என்று பலர் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் சோடா ஈரத்தை இழுக்கும். சென்னை, நாகப்பட்டினம் மாதிரி ஊர்களில் ஒரு மழைக்காலம் போதும், கட்டி தட்டும், தண்டவாளத்தின் ஓரம் பச்சை பிடிக்கும், பிவிஏ பசையோடு சேர்ந்தது மெல்ல மஞ்சளாகும்.

அதற்குப் பதில்: அடித்தளம் ஃபோம் பலகையில் செதுக்கியது, மேலே மெல்லிய பிளாஸ்டர். அது காய்ந்தபின் பனிக்கூழ். மாவு போல் அரைத்த வெள்ளை மார்பிள் தூள் 3 பங்கு, மேட் பிவிஏ 1 பங்கு, தண்ணீர் 1 பங்கு, வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் அரைப் பங்கு. தோசைமாவைவிடக் கெட்டி, இட்லிமாவைவிட இளக்கம், அந்தப் பதம். ஒரு தடவைக்கு 2 மி.மீ.க்கு மேல் போனால் வெடிக்கும். ஆறு மணி நேரம் விட்டு அடுத்த அடுக்கு. கடைசி அடுக்கு ஈரமாக இருக்கும்போதே காய்ந்த மார்பிள் தூளைச் சல்லடையில் தூவுங்கள், தூவுவது மேற்கிலிருந்து சாய்வாக. இதைச் செய்தாலே காற்றின் திசை தானாக வந்துவிடும்.

சாயங்காலக் காட்சி என்றீர்கள். நிழல் பள்ளங்களில் மிக நீர்த்த சாம்பல் நீலம். சுத்த வெள்ளை விளக்கில் பிளாஸ்டர் போலத்தான் தெரியும். ஸ்டேஷன் விளக்கு 2700 கெல்வின் மஞ்சள், அதைச் சுற்றி மட்டும் பனி மஞ்சளாக.

தண்டவாளம்: இரண்டு தண்டவாளத்தின் தலையிலும் 2 மி.மீ. மாஸ்கிங் டேப். கூழ் பாதி காய்ந்த நிலையில், ஏறத்தாழ 40 நிமிடம், மோட்டார் இல்லாத ஒரு வேகனைக் கையால் நாலைந்து முறை தள்ளுங்கள். சக்கர விளிம்பே தன் வழியை வெட்டிக்கொள்ளும். முழுக்கக் காய்ந்தபின் செய்தால் பனி பெயர்ந்து வரும், முன்னாடியே செய்தால் சக்கரத்தில் ஒட்டும். தண்டவாளங்களுக்கு நடுவில் பனி தண்டவாளத் தலைக்குக் கீழேதான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் என்ஜினின் அடிப்பகுதி உரசும். ஸ்லீப்பர் கட்டை, ஜல்லி எதுவும் தெரியத் தேவையில்லை. எல்லாம் முடிந்ததும் மெல்லிய தூரிகையும் வேக்வம் கிளீனரும் போடாமல் என்ஜினை ஓட்டாதீர்கள். மார்பிள் தூள் பல்சக்கரத்துக்குள் போனால் அது உப்புத்தாள்.

---

கைகாட்டி

சிக்னலுக்கு வருவோம். இந்த லைனின் உயிரே கனாகிதான், ஏனென்றால் வண்டிகள் ஒன்றையொன்று கடக்க முடிவது இங்கே மட்டும்.

கோஷோகவாரா முதல் கனாகி வரை டேப்லெட் முறை. டேப்லெட் என்பது அந்தப் பகுதிக்குள் போக டிரைவருக்குக் கொடுக்கும் அனுமதித் தட்டு. இரு முனையிலும் ஒவ்வொரு கருவி, மின்கம்பியால் பூட்டப்பட்டவை. ஒரு முனை சம்மதித்தால்தான் மறுமுனையில் ஒரு டேப்லெட் வெளியே வரும், அது வெளியே இருக்கும்வரை இரண்டாவது வராது. நம்மூர் நீல் பந்து டோக்கன் தெரிந்தவர்களுக்கு அதே தத்துவம், பந்துக்குப் பதில் தட்டு. பித்தளை வட்டத்தின் நடுவில் துளை இருக்கும். துளைக்கு வட்டம், சதுரம், முக்கோணம், நீள்வட்டம் என்று நாலு வடிவம். பக்கத்துப் பக்கத்துப் பகுதிக்கு ஒரே வடிவம் வராமல் வைப்பது ஜப்பானில் வழக்கம், தட்டு மாறிப்போனால் கருவி ஏற்காது. தட்டைத் தோல் பையில் போட்டு, பையைப் பெரிய வளையத்தில் மாட்டிக் கொடுப்பார்கள்.

கனாகி முதல் நகாசாத்தோ வரை ஸ்டாஃப் முறை. அங்கே கருவி இல்லை, பகுதிக்கு ஒரே ஒரு ஸ்டாஃப், அதாவது அனுமதிச் சின்னம். அது கையில் இருப்பவர் போகலாம். போன வண்டி திரும்பி வந்து ஸ்டாஃபைக் கொடுக்கும்வரை அடுத்த வண்டிக்கு அங்கே வேலை இல்லை. ஆகவே உங்கள் பலகையில் ஒரே நேரத்தில் வடக்கே இரண்டு வண்டி அடுத்தடுத்துப் போனால் அது விதிமீறல், அழகான காட்சி இல்லை.

பிளாட்பாரத்தில் தொப்பி போட்ட ஒருவர் தோளில் வளையத்தோடு நடப்பதை வையுங்கள். வளையம் 0.2 மி.மீ. கம்பியில், 3 மி.மீ. விட்டம். கடையில் வரும் பொம்மை ஸ்டேஷன் மாஸ்டர் கொடியோடு நிற்பார், கொடியை வெட்டிவிடலாம்.

கைகாட்டி: ஜப்பானில் கை கீழ்நோக்கி இறங்கும் வகை. படுக்கையாக இருந்தால் நில், 45 பாகை கீழே சாய்ந்தால் போ. சிவப்புக் கை, முனைக்கு அருகில் வெள்ளைப் பட்டை. ஐரோப்பியக் கடைகளில் மேல்நோக்கும் வகையும் வரும், வாங்குமுன் பாருங்கள். லீவரிலிருந்து கைகாட்டிக்கு ஓடும் கம்பி குளிரில் சுருங்கும். இழுவையைச் சரிசெய்யாவிட்டால் கை முழுக்கப் படுக்காமல் அரைகுறையாகத் தொங்கும். டிரைவர் அதை "நில்" என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கம்பி ஓடும் கப்பிகளில் பனி அடைத்தாலும் இதேதான். எனவே கம்பி வழி நெடுக ஒரு மண்வெட்டி அகலத்துக்குப் பனி வாரிய தடம் காட்டுங்கள். மிகச் சின்ன வேலை, ஆனால் விஷயம் தெரிந்தவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

பாயிண்ட் (தடம் பிரியும் இடம்): நாக்குத் தண்டவாளத்துக்கும் பக்கத் தண்டவாளத்துக்கும் நடுவில் பனி நசுங்கி ஐஸாகிவிட்டால் நாக்கு முழுக்கச் சாயாது, பூட்டு விழாது, சிக்னல் கொடுக்க முடியாது. ஓடுகிற வண்டியின் அடியிலிருந்து உதிரும் ஐஸ்கட்டி சரியாக இந்த இடத்தில் விழுவதும் உண்டு. முன்காலத்தில் எண்ணெய் விளக்கைப் பாயிண்டுக்கு அடியில் ஏற்றி வைத்தார்கள், பிறகு மின்சூடேற்றி வந்தது. மாதிரியில் பாயிண்டைச் சுற்றி மட்டும் பனி உருகி ஈரமாக, ஜல்லி கறுப்பாகத் தெரியட்டும். மூங்கில் துடைப்பம் ஒன்று சாய்த்து வையுங்கள். மாதிரியின் பாயிண்டிலும் நாக்கருகே கூழ் போடாதீர்கள், நிஜத்தில் வரும் அதே கோளாறு அங்கேயும் வரும்.

---

மீட்டர்கேஜ் பித்தன்

பனி தள்ளும் வண்டிக்கு ரோட்டரி வைக்கலாமே? பெரிய விசிறி சுற்றிப் பனியைத் தூக்கி எறிவது பார்க்கப் பிரமாதம்.

---

கடைசிப் பெட்டி

பிரமாதம்தான், ஆனால் இந்த லைனுடையது இல்லை. சுகாருவிடம் இருப்பது கி 101. ரஸ்ஸல் வகை, 1933ல் செய்தது, தேசிய ரயில்வேயில் ஓடிவிட்டு இங்கே வந்தது. அதற்குச் சொந்த ஓட்டம் கிடையாது. பின்னால் என்ஜின் நின்று தள்ள வேண்டும். முகம் ஆப்பு வடிவில் பனியை இரு பக்கமும் பிளக்கும், பக்கச் சிறகுகள் அழுத்தக் காற்றில் விரியும். ஒற்றைத் தடத்துக்கான வடிவம் என்பதால்தான் இரு பக்கமும் தள்ளுகிறது. இரட்டைத் தடத்தில் அப்படித் தள்ளினால் பக்கத்து லைன் புதையும், அதற்கு ஒரு பக்கம் மட்டும் தள்ளும் வேறு வகை இருந்தது. பாயிண்ட், லெவல் கிராசிங், பிளாட்பாரம் வரும்போது சிறகை மடக்க வேண்டும். அதற்கு முன்னறிவிப்புப் பலகை ஓரத்தில் இருக்கும்.

ரஸ்ஸலின் குறை: தள்ளியதையே தள்ளினால் சுவர் உயரும், ஒரு கட்டத்தில் தள்ள இடம் இருக்காது. அதற்குத்தான் ஹொக்கைடோவில் கிமரோகி. முன்னால் ஒரு என்ஜின், அதன் பின் மக்ளே வண்டி, அது ஓரச் சுவரைச் சரித்து உள்ளே இழுக்கும். அதன் பின் ரோட்டரி, இழுத்ததைத் தூர எறியும். ரோட்டரியைத் தள்ள இன்னொரு என்ஜின். நான்கின் முதல் எழுத்துகளைக் கோர்த்த பெயர். முழு வண்டியையும் ஹொக்கைடோவின் நயோரோவில் அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்: 59601, கி 911, கி 604, டி51 398, கடைசியில் கார்டு வண்டி யோ 4456.

கி 101ஐ ஓரத் தடத்தில் நிறுத்துங்கள், என்ஜின் இல்லாமல். அதன் மேல் நல்ல தடிப்பில் பனி இருக்கலாம், சும்மா நிற்கும் இரும்பில் சூடு இல்லை.

---

ஒன்பது மில்லி

ரஸ்ஸல் வெட்டிய சுவர் வைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. சுவர் செங்குத்து, படுக்கை வாட்டில் அடுக்கடுக்கான கோடு. நேர் தடத்தில் மையத்திலிருந்து 12 மி.மீ. போதும். வளைவில் போதாது. 280 மி.மீ. ஆர வளைவில் 133 மி.மீ. பெட்டியின் நடு, உள்பக்கம் 4 மி.மீ. பிதுங்கும், முனைகள் வெளிப்பக்கம் ஏறத்தாழ அதே 4. பெட்டியின் பாதி அகலம் 10, பிதுக்கம் 4, கைத்தவறுக்கு 2, ஆக 16 மி.மீ. இரு பக்கமும். இதைவிட நெருக்கினால் பெட்டி சுவரைச் சுரண்டும், வெள்ளைத் தூள் மறுபடி பல்சக்கரத்துக்குள்.

---

டீசல் நெஞ்சம்

இழை அடுப்போடேயே நிற்கிறது. பனி ஊர் பாசஞ்சர் என்றால் ரயில்காரையும் சேர்க்க வேண்டாமா? ஹொக்கைடோவின் கிஹா 22, 1958 முதல் செய்தது: சின்ன இரட்டை ஜன்னல், கதவுக்கும் இருக்கைக்கும் நடுவே தனி அறை, மரத்தரை. இரும்புத் தரையில் மிதித்த பனி உறைந்து வழுக்கும், மரத்தில் அவ்வளவு வழுக்காது, குளிரும் கீழிருந்து ஏறாது. சூடு என்ஜின் குளிர்நீரிலிருந்து வருகிறது. அதனால் ஏற்றத்தில் நன்றாகச் சுடும், நீண்ட இறக்கத்தில் என்ஜின் சும்மா சுற்றும்போது ஆறும்.

அடுத்து வந்த கிஹா 40, 1977 முதல். 220 குதிரைத்திறன், அந்த எடைக்குக் குறைவு, ஏற்றத்தில் முக்கிக்கொண்டு ஏறும் அந்தச் சத்தத்துக்குக் காரணம் அதுதான். ஹொக்கைடோ வகைக்குக் காற்று ஸ்பிரிங். சுருள் ஸ்பிரிங்கில் பனி நுழைந்து இறுகிவிட்டால் ஸ்பிரிங் வேலை செய்யாது. அங்கே இதெல்லாம் இப்போது வேகமாகப் போகிறது. நெமுரோ லைனில் ஹிகாஷி-ஷிகாகோஏ, ஷிந்தோகு நடுவே 2016 ஆகஸ்ட் புயலில் தடம் போனது, திரும்பக் கட்டவில்லை. ஃபுரானோ முதல் ஷிந்தோகு வரை 81.7 கி.மீ. 2024 ஏப்ரல் 1ல் மூடியே விட்டார்கள். இக்குதோரா மாதிரி ஸ்டேஷன்கள் அதோடு போயின. செய்கிறவர்கள் அதையும் செய்யுங்கள்.

---

வெண்தடம்

அது அடுத்த பலகை அண்ணா, இப்போது கனாகி. திருத்திய திட்டம்: வடக்கு இடக்கோடியில், அதனால் மேற்கு என் பக்கம், அதாவது முன்விளிம்பு. மரங்கள் முன்னால் வந்தால் வண்டியை மறைக்குமே, மரத்தைப் பின்னால் வைக்கலாமா?

---

வடமேற்குக் காற்று

பின்னால் வைத்தால் காற்று வெளியேறும் பக்கம் காடு, ஒன்றையும் தடுக்காது. பலகையையே திருப்புங்கள். வடக்கு வலக்கோடியில் வரட்டும், மேற்கு பின்விளிம்புக்குப் போய்விடும். காடு பின்னணியாகும், குவியல் உங்களை நோக்கிச் சரியும், அதுதான் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

---

கடைசிப் பெட்டி

திருப்பினால் வண்டியையும் திருப்பிப் பாருங்கள். வடக்கே போகும் வண்டியின் கடைசி முகத்தில்தான் பனி அப்பியிருக்கும், அங்கே காற்று சுழன்று தூளை இழுத்து ஒட்டும். என்ஜின் முகத்தில் அவ்வளவு வேண்டாம். போகி, அடிச்சட்டம், படிக்கட்டு எல்லாம் கட்டியாக வெள்ளை. டிடி 350ன் சக்கரங்களை இணைக்கும் தண்டுகளில் மட்டும் பனி வைக்காதீர்கள், அவை ஆடிக்கொண்டே இருப்பவை. டீசலில் அந்தத் தண்டு இருப்பதே அபூர்வம், தெரியட்டும்.

கூரையில் மெல்லிய பனி, புகைக்குழாயைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு உருகிய வட்டம், அதிலிருந்து பின்பக்கமாகக் கரிக்கோடு. ரயில்கார் கூரையில் கரி வரக்கூடாது, பெட்டி இரண்டில் மட்டும்.

---

வெண்தடம்

குழாய்த் தொப்பி மேல் குட்டியாக ஒரு பனிக்குல்லா?

---

கடைசிப் பெட்டி

அடியில் நிலக்கரி எரிகிறது ஐயா.